நீள வால் 'த'

என் நாத்தனாரை எல்லாரும் கொக்கி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைகளுக்குப் பெயர் எழுதுவது அவள் வேலை. சாய்வாக வெட்டிய நிப்பைக் கையில் பிடித்தாள் என்றால் ஒவ்வொரு எழுத்தின் காலும் வளைந்து கொக்கி போட்டு நிற்கும். மளிகைச் சீட்டையும் அப்படியேதான் எழுதுவாள். கடைக்காரர் அதை மேஜைக் கண்ணாடிக்குக் கீழே பத்திரமாக வைத்துக்கொண்டார். நான் எழுதியதை ஒரு நாளும் வைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னமும் உண்டு.

அந்தக் கையெழுத்தைக் கம்ப்யூட்டர் எழுத்துருவாக்க ஒரு கம்பெனி கேட்டது. தாளுக்கு ஓர் எழுத்து. சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ். அவள் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன் முறை, காப்பியும் கையுமாக வந்து மேஜையை இடுப்பால் இடித்தார். எழுதிக்கொண்டிருந்த 'த'வின் வால் சறுக்கிக்கொண்டு தாளின் ஓரம் வரை போய்விட்டது.

"கண்ணு எங்க இருக்கு?" என்று அக்கா பிடிபிடியென்று பிடித்தாள்.

"நல்லாத்தானே இருக்கு. அதையும் அனுப்பு," என்றார் அவர், கூசாமல்.

திருத்தி எழுதியதோடு அதையும் சேர்த்து அனுப்பினாள். கம்பெனிக்காரர்கள் நீள வாலையே எடுத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கேக் டப்பா, பியூட்டி பார்லர் பலகை, சென்ட் பாட்டில், எதில் அந்த எழுத்தைக் கண்டாலும் நின்றுவிடுவார். "மத்ததெல்லாம் இவ எழுதினது. அந்த 'த' நான் எழுதினது." பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரையும் விடமாட்டார். அவரோடு கடைத்தெருவுக்குப் போனால் வீடு வந்து சேர முடியாது. அப்போது எரிச்சலாக இருக்கும். இப்போது அவர் ஒருமுறை பிடித்து நிறுத்தமாட்டாரா என்று இருக்கிறது.

அண்ணன் காலமான மறுவருஷம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். எழுத்துருவைப் புதுப்பிக்கிறார்களாம்.

"மேடம், 'த' வால் அடுத்த எழுத்தை இடிக்குதுன்னு நிறைய பேர் சொல்றாங்க. வேற ஒண்ணு எழுதித் தர முடியுமா?"

அக்கா எழுத உட்கார்ந்தாள். அதே மேஜை. அடக்கமான, அழகான 'த' ஒன்று வந்தது. எழுதிவிட்டுத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லா இருக்குக்கா. அனுப்பிடலாமே," என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. இதை அனுப்பினா அவரு ஊரை விட்டே போயிடுவாரு."

அவள் போனை எடுத்தாள்.

"வாலை வெட்டாதீங்கம்மா. அடுத்த எழுத்தைக் கொஞ்சம் தள்ளி உட்கார வைங்க."

"எல்லா எழுத்துக்கும் தனித்தனியா இடைவெளி பார்க்கணுமே மேடம். அவ்வளவு வேலைக்கு இங்க ஆள் இல்ல."

"நான் வந்து கூட உக்காந்து பார்க்கிறேன்."

சொன்னபடியே போனாள். டிபன் பாக்ஸும் கையுமாகத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, 'த'வுக்குப் பின்னால் வரக்கூடிய ஒவ்வொன்றையும் மயிரிழை மயிரிழையாக நகர்த்தச் சொல்லி அந்தப் பெண்ணின் உயிரை வாங்கினாள்.

என் மகளுக்கு வேலை கிடைத்தபோது கேக் வாங்கப் போனோம். டப்பாவின் மேல் 'வாழ்த்துகள்' என்று அதே எழுத்து. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த வாலை விரலால் தடவினாள். அடுத்த எழுத்து கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தது. கடைக்காரர் கயிறு கட்டுவதற்கு டப்பாவை இழுத்தார். அவள் விடவில்லை.

"மத்ததெல்லாம் நான் எழுதினது," என்றாள் அவரிடம். "அந்த 'த' எங்க வீட்டுக்காரர் எழுதினது."