சிவப்பு வயரா, பச்சை வயரா?

மூன்று வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி செத்துப் பிழைத்தாள். பேச்சுக்குச் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியைத் தொட்டவளை கரண்ட் தூக்கிச் சுவரோரம் போட்டது.

அந்தப் பிளக் பாயின்ட்டைப் புதிதாக மாட்டிய ஏழுமலை, கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். ஆரம்பாக்கத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். பத்து வருஷ சர்வீஸ்!

மெயினை அணைத்துவிட்டுத் திறந்து பார்த்தேன். கரண்ட் வருகிற சிவப்பு வயர் எர்த்தில்... எர்த்தில் இருக்க வேண்டிய பச்சை வயர் சிவப்பின் இடத்தில். எனக்கு வந்ததே கோபம்.

“என்னய்யா இது? சிவப்பு எது, பச்சை எதுன்னுகூடவா தெரியலை?”

“இன்னா சார், ரெண்டும் ஒரே கலர்தானே? டெஸ்டர் வெச்சித்தான் எப்பவும் கண்டுபுடிப்பேன். இன்னிக்கு அத கம்பெனியிலயே வுட்டுட்டு வந்துட்டேன்.”

விளையாடுகிறாரா? முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

“எங்கம்மாவோட தம்பியும் எலக்ட்ரீஷியன்தான் சார். ரெண்டு பேரும் ஒண்ணா வேலை செஞ்சிக்கினு இருந்தோம். அவருக்கும் ஒரே கலர்தான். எல்லாருக்கும் அப்டித்தான்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒரே தப்பைச் சொன்னால் அது சரியாகிவிடுகிறது, பாருங்கள்.

அவரை மெட்ராஸுக்கு, கண் டாக்டரிடம் அழைத்துப்போனேன். டாக்டர் சொன்னதைக் கேட்டு எனக்குத்தான் தலை சுற்றியது. கண்ணின் உள்திரையில் கூம்பு வடிவ செல்கள் இருக்கின்றனவாம். மூன்று வகை. சிவப்பு, பச்சை, நீலம் — ஒவ்வொரு வகையும் ஒரு நிறத்து வெளிச்சத்தை அதிகமாகப் பிடிக்கும். தனியாக ஒன்றுக்கும் நிறம் தெரியாதாம்! மூன்றும் சொல்வதை ஒப்பிட்டுப் பார்த்து மூளைதான் ‘இது சிவப்பு’ என்று தீர்ப்புச் சொல்கிறது. ஏழுமலைக்கு அதில் ஒரு வகை வேலை செய்யவில்லை. பிறவியிலேயே அப்படி. தாய்வழியாக வருவதாம்.

அப்படியானால் நிறம் வயரில் இல்லையா? இத்தனை வயசுக்கு இது தெரியாமல் இருந்திருக்கிறேனே!

திரும்பி வரும்போது ரயிலில் ஏழுமலை மெதுவாகக் கேட்டார். “கம்பெனில சொல்லிடாதீங்க சார். மூணு பசங்க.”

சொன்னால் ஒரு குடும்பத்தின் சோறு போகும். சொல்லாவிட்டால் எவனோ ஒருவன் உயிர் போகும். ஒரு வாரம் நான் விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் திரிந்தேன். கடைசியில் ஏழுமலை தானே போய் ஃபோர்மேனிடம் சொல்லிவிட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

நேற்று ஸ்டேஷனில் ஏழுமலையைப் பார்த்தேன். ஃபோர்மேன் நல்ல மனிதராம். வேலையை விட்டு எடுக்கவில்லை. “உன் கண்ணுக்கு இனிமே வயரே வேணாம்” என்று, ஆபத்தில்லாத இடமாகப் பார்த்து மாற்றிவிட்டாராம்.

“ரொம்ப சந்தோஷம். எங்கே போட்டிருக்காங்க?”

“பெயின்ட் ஸ்டோர்ல, சார்.”