புழுதியில் விதைத்த பற்றீரியா

கடைகளில் யூரியா காணாமற்போன அந்த வருசம், ஆவணிக் கடைசியில், தென்மராட்சியில் என் அக்கா வீட்டு வயலில் தொடங்கியது இது. அத்தானுக்கு இருப்பது மழையை நம்பிய ஒரு துண்டு வயல். வருசத்துக்கு ஒரு போகம். அதில் விளைவதுதான் அடுத்த அறுவடை வரை அந்த வீட்டுச் சோறு.

நான் இணுவிலில் இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவன். மண்வெட்டி பிடித்த அனுபவம் இல்லை. அதனால் விவசாயம் பற்றி எவ்வளவு நேரமும் தடையில்லாமல் கதைப்பேன்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விவசாயம் படிக்கிற, எனக்குத் தெரிந்த பிள்ளை ஒருத்தி சில பக்கற்றுகள் தந்தாள். உள்ளே பற்றீரியா, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து நெல்லின் வேருக்குக் கொடுக்குமாம். யூரியாவைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றுதான் அவள் சொன்னாள். நான் பஸ் ஏறி அத்தானிடம் போய்ச் சேர்வதற்குள் அது யூரியாவே தேவையில்லை என்று வளர்ந்துவிட்டது.

"சம்பளம் கேளாத வேலையாக்கள், அத்தான். வேரிலை குந்தியிருந்து உரம் சமைச்சுக் குடுக்குங்கள்."

"படிச்சனீர். நீர் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும்."

முந்தின வருசத்து யூரியா ஒரு மூட்டை அவரிடம் மிஞ்சியிருந்தது. அந்த நாட்களில் ஊரில் பவுணுக்குக்கூட அவ்வளவு மரியாதை இல்லை. அதை அப்படியே பக்கத்து வயல்காரருக்குத் தூக்கிக் கொடுத்தார்.

பற்றீரியாவைக் கஞ்சித் தண்ணீரில் குழைத்து, விதைநெல்லில் பிரட்டி, நிழலில் உலர்த்தி, நல்ல நாள் பார்த்து விதைத்தோம். எங்கள் பக்கத்து வழக்கப்படி, காய்ந்த புழுதியில். விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பதுதான் இங்கே முறை. அந்த வருசம் மழை பிந்தியது. நெல் பொறுத்திருந்தது.

மழை வந்தது, பயிரும் வந்தது. பக்கத்து வயல் கரும்பச்சை. எங்கள் வயலுக்கு மஞ்சள்காமாலை. இடையில் ஒரு வரம்புதான்.

"மாஸ்டர், உங்கடை வேலையாக்கள் இன்னும் லீவிலையோ?" என்று பக்கத்து வயல்காரர் கேட்டார். எங்கள் யூரியாவை வீசிக்கொண்டேதான் கேட்டார்.

நான் அந்தப் பிள்ளையைக் கூட்டிவந்தேன். அவள் ஒரு பயிரைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள்.

"ஈரமண்ணிலைதானே அங்கிள் விதைச்சனீங்கள்?"

"இல்லைப் பிள்ளை, புழுதியிலை," என்றார் அத்தான்.

அவள் குளத்துத் தண்ணீரில் நெல் விளையும் கிளிநொச்சிப் பக்கத்தவள். சேற்று விதைப்பு அவளுக்குச் சொல்லத் தேவையில்லாத சங்கதி. புழுதி விதைப்பு எங்களுக்கு. அவள் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை.

"நெல்லு தாங்கும், அங்கிள். இதுகள் அந்தச் சூட்டிலை தாங்காது. மழைக்கு முந்தியே செத்திருக்கும்."

அத்தான் கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "அப்ப நாங்கள்தான் விசயம் தெரியாமல் பாத்துக்கொண்டிருந்திருக்கிறம்."

அறுவடையில் வந்தது அடுத்த விதைநெல்லுக்கும் சில கிழமைச் சோற்றுக்கும்தான் கண்டது. பிறகு ஒருநாள் நான் போனபோது அக்கா கடை அரிசியில் சோறு போட்டார். பக்கத்தில் இருந்த அத்தான், "தம்பிக்கு இன்னும் கொஞ்சம் போடுமப்பா," என்றார். அந்தக் குரலில் ஒரு குத்தல் இருந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். இருக்கவில்லை.

இன்றைக்கும் ஒருவருக்கு ஆலோசனை சொல்ல வாய் திறக்கும்போது எனக்கு அந்தச் சாப்பாடுதான் ஞாபகம் வரும்: சொன்னது பிழைத்தால் பானை வெறுமையாவது கேட்டவர் வீட்டில், சொன்னவனுக்கோ அங்கேயும் இலை போடுவார்கள்.