டினீப்பரில் கடித்த ரொட்டி

போருக்குப் போன பெரியப்பா பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டார். பிறகு ஏன் அவர் வீட்டுச் சுவரில் கடித்த ரொட்டி இன்னும் தொங்குகிறது? பள்ளிப் படிப்பு முடிந்த அந்தக் கோடையில் இந்தக் கேள்விதான் என்னைக் குடைந்துகொண்டிருந்தது.

எங்கள் காமா ஆற்றங்கரை ஊர்களில், பட்டாளத்துக்குப் புறப்படுகிறவன் ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவான். மீதியை வீட்டார் துணியில் கட்டித் தொங்கவிடுவார்கள். திரும்பி வந்து அவனே அதைத் தின்ன வேண்டும். ஷெய்ஹுல்லா பெரியப்பா டினீப்பர் ஆற்றில் குண்டுகளுக்கு நடுவே படகு வலித்து, வீரர்களை அக்கரை சேர்த்துப் பதக்கம் வாங்கியவர். போர் முடிந்து இருபது வருடமாகிவிட்டது.

விதைப்பு முடிந்ததும் கொண்டாடும் சபந்துய் விழாவன்று அவர் வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனேன். ஆசை தாங்காமல் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தேன். கடித்த இடத்தின் நடுவில் ரொட்டி மேடாக நின்றது. அப்படியென்றால் கடித்தவனுக்கு முன்பல் இல்லை. பெரியப்பாவின் பல்வரிசையில் ஒரு குறையும் கிடையாது.

"இது உங்க ரொட்டி இல்லையே, பெரியப்பா?"

"என்னோடதை வந்த அன்னைக்கே டீயில நனைச்சுத் தின்னாச்சு."

"இருபது வருஷமா எலிகிட்டேருந்து இதைக் காப்பாத்துறது நானு," என்றார் அவர் மனைவி மஹ்ரூய். "பதக்கம் மட்டும் இவருக்கு!"

பெரியப்பா சிரித்துவிட்டுச் சொன்னார். "ஜின்னத்னு ஒரு பையன் படகுல ஏறினான். பேச்சு நம்ம பாஷைதான். நடு ஆத்துல தன் பங்கு ரொட்டியை ஒரு கடி கடிச்சு, மீதியை என்கிட்ட நீட்டினான். 'அண்ணே, இப்போதைக்கு உங்க படகுதான் எனக்கு வீடு. வச்சிருங்க, திரும்பும்போது தின்னுக்கறேன்'னான்."

"எந்த ஊருன்னு கேக்கலையா?"

"கேட்டா, வீட்டுக்குச் சேதி சொல்லத்தான் கேக்கறேன்னு ஆகும். இவன் திரும்ப மாட்டான்னு நானே முடிவு பண்ண மாதிரி ஆயிடாதா? துடுப்பை வலிச்சேன். அப்புறம் காயம்பட்டவங்களை ஏத்தும்போதெல்லாம் ஒவ்வொருத்தன் வாயையும் பார்த்தேன். அவன் வரலை. எங்களையும் வேற ஆத்துக்கு அனுப்பிட்டாங்க."

"செத்துப் போயிருப்பாரோ?"

"ரொட்டியை என் கையில கொடுத்திருக்கான். நான் எப்படிடா அதைச் சொல்றது? முகம்கூட மறந்துபோச்சு. அந்தப் பல் போன இடம் மட்டும் ஞாபகம் இருக்கு."

அவரே மூட்டையை மறுபடி கட்டி, ஆணியில் மாட்டினார்.

ஜின்னத்துக்கு இப்போது நாற்பது வயது இருக்கலாம். பல் கட்டிக்கொண்டிருக்கவும் கூடும். இதைப் படிக்கிறவர்கள் சந்தையிலோ படகுத்துறையிலோ பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லுங்கள். அவர் இன்னொருவரிடம் சொல்லட்டும். ரொட்டி கல்லாகக் காய்ந்திருக்கிறது. ஆனால், டீயில் நனையும்.