ராட்டினம் ஏறப் போன நாளில் பெய்த மழை

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதம் முடியும் சமயத்தில் நடந்தது இது. மன்னார்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் ஊர். சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம் என்று நெல் போடுகிற குடும்பம். எனக்கு அப்போது வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. அந்த வயதில் எனக்கு இருந்த ஆசையை வெளியில் சொன்னால் ஊரே சிரிக்கும். சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிற தீம் பார்க்கில் போய் ராட்டினம் ஏற வேண்டும், தண்ணீரில் சறுக்கி விழ வேண்டும். அதுவும் என் வீட்டுக்காரரும் நானும் மட்டும்.

ஆசையைக் கிளப்பிவிட்டது எங்கள் மகள். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் போய்வந்தபோது டீச்சர் எடுத்த வீடியோவைக் காட்டினாள். பிள்ளைகளைப் பெட்டி மாதிரி ஒன்றில் உட்கார வைத்துத் தலைகீழாகச் சுற்றுகிறார்கள். பயத்தில் கத்துகிறார்களா சந்தோஷத்தில் கத்துகிறார்களா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். எனக்கும் அப்படி ஒரு தடவை வாய்விட்டுக் கத்த வேண்டும் போல இருந்தது. மகள் வளர்ந்து கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்கே போய்விட்டாள், என் ஆசை மட்டும் அப்படியே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து போன இடங்கள் என்றால் கோயில், ஆஸ்பத்திரி, கல்யாண வீடு, சாவு வீடு. அதற்கும் கூட யாராவது ஒட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

ஒவ்வொரு வருஷமும் கேட்பேன். "அறுப்பு முடியட்டும்" என்பார். எங்கள் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டவர்களுக்குத் தெரியும், அதெல்லாம் ஒரு தேதியே இல்லை. அறுப்பு முடிந்தால் நெல்லை விற்க வேண்டும், நெல்லை விற்றால் உளுந்தைப் பார்க்க வேண்டும், உளுந்தை எடுத்தால் அடுத்த உழவு வந்து நிற்கும்.

அந்த வருஷம் அவருக்கு என்ன தோன்றியதோ, ஒரு சாயங்காலம் செல்போனை நீட்டி, "இந்தா, டிக்கெட் போட்டாச்சு" என்றார். தம்பதிகளுக்கு ஏதோ சலுகையாம். வார நாளில்தான் போக வேண்டும், தேதியை மாற்ற முடியாது. "இன்னைக்கு மழைதான் பெய்யப் போவுது" என்று கேலி செய்தேன். வாய் முகூர்த்தம் என்பார்களே, அதை அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

தேதியை அவர் குறித்த விதம் இருக்கிறதே, அது தனிக் கதை. நாற்று விட்ட நாளிலிருந்து கணக்குப் போட்டார். கதிர் எப்போது சாயும், அறுவடை மெஷின் எப்போது வரும், கொள்முதல் நிலையத்தில் எவ்வளவு நாள் இழுக்கும், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு வாரம் சும்மா விட்டு வைத்தார். மனைவியை ராட்டினத்துக்குக் கூட்டிப் போவதையும் ஒரு போகம் சாகுபடி மாதிரி திட்டம் போட்ட ஆள் இவராகத்தான் இருக்கும்.

என் பங்குக்கு நானும் தயாரானேன். தண்ணீரில் இறங்க சேலை கூடாது, நைலான் துணிதான் போட வேண்டும் என்று டிக்கெட்டிலேயே போட்டிருந்தது. மன்னார்குடி ஜவுளிக்கடையில் போய் பேண்ட்டும் சட்டையும் கேட்டேன். "பொண்ணுக்காங்க?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்றேன். "என்ன சைஸ்?" என்றதும் என் உடம்பைக் காட்டி, "இதே வாகுதான்" என்றேன். அவர் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தது அவருடைய பெருந்தன்மை. பக்கத்து வீட்டில் கேட்டவர்களிடம், சென்னையில் ஒரு வளைகாப்பு என்று சொல்லி வைத்தேன். புருஷனும் பெண்டாட்டியும் ராட்டினம் ஏறப் போகிறோம் என்று எந்த வாயால் சொல்வது?

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது, மெஷின் வரும் வரை. எங்களுடையது உள்வயல். சாலையோரம் இருக்கும் முன்வயல்காரர்கள் அறுத்து முடித்தால்தான் அவர்கள் வயல் வழியாக மெஷின் எங்கள் வயலுக்கு இறங்க முடியும். முன்வயலில் ஒருவர் பிந்தி நட்டிருந்தார். அவர் கதிர் பழுக்கும் வரை நாங்கள் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சும்மா விட்டு வைத்த வாரம் அங்கேயே கரைந்து போனது. அறுத்து, நெல்லை டிராக்டரில் ஏற்றிக் கொள்முதல் நிலையத்துத் திடலில் கொண்டுபோய்க் கொட்டினால், ஈரம் கூடுதலாக இருக்கிறது, காயட்டும் என்றார்கள். எங்களுக்கு முன்னால் திடல் நிறையக் குவியல்கள் வரிசையில் காத்துக்கிடந்தன.

பகலில் நெல்லைப் பரப்பிக் காயவைப்போம். சாயங்காலம் குவிப்போம். ராத்திரி அவர் அங்கேயே படுத்துக்கொள்வார். பயண நாளும் வந்துவிட்டது. அன்று ராத்திரி மன்னார்குடியில் ரயில். ஒரு வருஷத்து உழைப்பு முழுதும் வெட்டவெளியில் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு எப்படிப் போவது? "டிக்கெட்டு போனா போவுதுங்க" என்று நானே சொல்லிவிட்டேன்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவள் எங்களுக்குப் பக்கத்துக் குவியல்காரி. வேறு ஊர்க்காரி, என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். புருஷன் சிங்கப்பூரில் வேலை. இவள் ஒற்றை ஆளாகக் குத்தகை நிலத்தில் பயிர் வைக்கிறாள். திடலில் வந்து பழகியதுதான். "எந்த ஊருக்குக்கா டிக்கெட்டு?" என்றாள். அத்தனை பேரிடமும் வளைகாப்பு என்று புளுகிய நான், ஏனோ அவளிடம் உண்மையைச் சொன்னேன். ராட்டினம், தண்ணீர், நைலான் சட்டை, எல்லாம். கேலி செய்வாள் என்று நினைத்தேன். அவள் கண் விரிந்துவிட்டது.

"அட, போயிட்டு வாங்கக்கா! நெல்லு எங்க எந்திரிச்சு ஓடிடப் போவுது? நான் இங்கதானே கெடக்கேன், ரெண்டு குவியலையும் பாத்துக்க மாட்டேனா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்காரரும் நானும் ஒரே சீட்டுல உக்காந்து பஸ்ஸுல போயே ரெண்டு வருஷமாவுதுக்கா. நீங்களாச்சும் போயிட்டு வந்து எனக்குச் சொல்லுங்க" என்றாள்.

அதற்கு மேல் மறுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. இரண்டு ராத்திரி ஒரு பகல் படுதாவைப் போட்டு மூடியே வைத்தால் ஈர நெல் புழுங்கிவிடும், திறந்தே கிடக்கட்டும், பனி மேல் நெல்லைத்தான் நனைக்கும் என்றார் இவர். எங்கள் படுதாவை மடித்துக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தார். கிளம்பும்போது வழக்கம்போல ஒரு சட்டியில் சாம்பலை எடுத்துவந்து குவியலுக்குக் குறி போட்டார்.

குறி என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். குவித்த நெல்லின் மேல் உச்சியிலிருந்து அடி வரை குறுக்கும் நெடுக்குமாகச் சாம்பல் கோடு இழுப்பார்கள். யாராவது ஒரு மரக்கால் அள்ளினாலும் நெல் சரிந்து கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். குறி போட்ட குவியலை உடையவரைத் தவிர வேறு யாரும் தொட மாட்டார்கள், தொடவும் கூடாது. இவர் கோடு இழுப்பதை அவள் பார்த்துக்கொண்டுதான் நின்றாள். எனக்கு ஏதோ நெருடியது. ஆனால் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் பார்க்கை நான் என்ன சொல்ல! உள்ளே நுழைந்ததும் இவர் கேட்ட முதல் கேள்வி, "இம்புட்டுத் தண்ணிய எங்கேருந்து எடுக்குறான்?" என்பதுதான். அலை அடிக்கிற குளத்தில் இறங்கி, கரை சரியாக இருக்கிறதா என்று காலால் தட்டிப் பார்த்தார். நைலான் பேண்ட்டில் என்னை நானே கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். அங்கே யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது பெரிய நிம்மதி. தலைகீழாகச் சுற்றும் ராட்டினத்தில் ஏறியதும் நான் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்ததையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். பக்கத்தில் இவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்துவிட்டது. இறங்கியதும், "உனக்குப் பயமா இருக்குமேன்னுதான் புடிச்சேன்" என்றார். அத்தனை வருஷத்தில் அவரைப் பார்த்து நான் அவ்வளவு சிரித்ததில்லை.

செல்போன்கள் லாக்கரில் இருந்தன. சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் ஊரிலிருந்து வரிசையாக அழைப்புகள். திருப்பிப் பேசினால், பங்காளி ஒருவர், "இங்க மத்தியானத்துலேருந்து நல்ல மழைப்பா, உன் நெல்லு எங்க கெடக்கு?" என்றார். எங்கள் தலைக்கு மேலே வானம் நீலமாக இருந்தது. நெல்லைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னவளுக்குப் போன் போட்டோம். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டால் சுவிட்ச் ஆப்.

ரயில் ஏறும் வரை இவர் அவள் நம்பரையே அழுத்திக்கொண்டு வந்தார். ஏறி உட்கார்ந்த பிறகு மெதுவாகச் சொன்னார். "பாத்துக்கச் சொல்லிட்டுக் குறியும் போட்டுட்டு வந்துட்டேனே. குறி போட்ட நெல்ல அந்தப் புள்ள எப்படித் தொடும்?"

எனக்கு அப்போதுதான் முந்தைய நாளின் நெருடல் புரிந்தது. காவலுக்கு ஆளும் வைத்து, அந்த ஆளே தொடக்கூடாது என்று கோடும் போட்டுவிட்டு வந்திருக்கிறோம். மனதில் சந்தேகம் இருந்து செய்ததில்லை. பழக்கதோஷம். ஆனால் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? நெல்லை நினைத்து ஒரு பக்கம் அழுகை, அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று இன்னொரு பக்கம். அன்று பகலில் பட்ட சந்தோஷமே தப்போ என்றுகூடத் தோன்றியது.

காலையில் வீட்டுக்குப் போகாமல் பையோடு நேராகத் திடலுக்குத்தான் போனோம். தரையெல்லாம் சேறு. இவர் எனக்கு முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

மற்ற குவியல்கள் எல்லாவற்றின் மேலும் படுதா படிந்து கிடந்தது. எங்கள் குவியலுக்கு மட்டும் பந்தல் போட்டிருந்தது. சுற்றிலும் மூங்கில் நட்டு, அதன் மேல் எங்கள் படுதாவை நெல்லில் படாமல் இழுத்துக் கட்டியிருந்தாள். காற்றடித்த பக்கம் சாக்குகளைத் தொங்கவிட்டிருந்தாள். தண்ணீர் உள்ளே வராமல் சுற்றிலும் வாய்க்கால் வெட்டியிருந்தாள். உள்ளே எங்கள் நெல் காய்ந்தது காய்ந்தபடி. உச்சியிலிருந்து அடி வரை அத்தனை சாம்பல் கோடுகளும் இவர் இழுத்தபடியே இருந்தன.

அவள் தன் குவியலில் நனைந்துபோன ஒரு பக்கத்து நெல்லைத் தார்ச் சாலையில் பரப்பிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும், "போனு மழையில நனைஞ்சு செத்துப் போச்சுக்கா, அதான் சொல்ல முடியல" என்றாள்.

"ஏம்மா, படுதாவ சும்மா தூக்கிப் போத்திட்டு உன் நெல்ல பாத்திருக்கலாமே" என்றேன்.

"எப்படிக்கா? அண்ணன் குறி போட்டுட்டுப் போயிருக்காங்க. படுதா உரசுனா கோடு அழிஞ்சிடும்ல. அப்புறம் நான் என்னன்னு சொல்றது?" என்றாள். குத்திக் காட்டுகிற குரலே இல்லை. மேகம் கறுத்தது, மூங்கில் நட்டேன் என்கிற மாதிரிதான் சொன்னாள். அவளுடைய நெல்லை மூடுவதற்கு ஏன் நேரமில்லாமல் போனது என்று அதன் பிறகு நாங்கள் கேட்கத் தேவையிருக்கவில்லை.

இவர் பந்தலுக்குள் குனிந்து போனார். குவியலின் முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் அந்தக் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தார். வெளியே வந்து, "தப்பு நடந்துபோச்சும்மா" என்றார். என் வீட்டுக்காரர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அட, விடுங்கண்ணே" என்று அவள் பதறிவிட்டாள். பேச்சை மாற்ற வேண்டும் என்றோ, நிஜமாகவே அதுதான் மனதில் இருந்ததோ, என் பக்கம் திரும்பி, "ராட்டினம் ஏறுனீங்களாக்கா?" என்றாள்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் சாலையில் இறங்கினேன். இவரும் வந்தார். வெயில் ஏற ஏற, மூன்று பேரும் அவள் நெல்லைக் காலால் அளைந்து அளைந்து காயவைத்தோம். நடந்துகொண்டே நான் எல்லாவற்றையும் சொன்னேன். நைலான் பேண்ட்டையும் அலைக் குளத்தையும் சொன்னபோது சிரித்தவள், இவர் குலதெய்வத்தைக் கூப்பிட்டதைச் சொன்னதும் நெல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரரு இந்தத் தடவ வரட்டும்க்கா, அவரையும் கத்த வைக்கிறேன்" என்றாள். அவள் நெல் காய்ந்து எடைக்குப் போகும் வரை, எங்கள் நெல் போன பிறகும், இவர் அந்தத் திடலிலேயேதான் படுத்திருந்தார்.

இவர் இப்போதும் குவியலுக்குக் குறி போடுகிறார், ஆனால் யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வருகிற நாளில் சாம்பல் சட்டியைத் தொடுவதில்லை. நானும் வீட்டுச் சாவியையோ சமையலையோ ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, வாசல் வரை போய்த் திரும்பி ஒரு எச்சரிக்கை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், எங்கள் சாம்பல் கோடு அழியக்கூடாதென்று தன் நெல்லை நனையவிட்டு எங்கள் நெல்லுக்கு மூங்கில் நட்டவளை நினைத்துக்கொண்டு, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுப் போய்விடுகிறேன்.