நிறுத்தத் தெரியாத சவாரி

பினாங்குக்குப் போகலாம் என்று ஆரம்பித்தவளும் அவள்தான், விமான டிக்கெட் போட்டவளும் அவள்தான். சிங்கப்பூரில் நாங்கள் மூன்று பெண்கள் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்குத் திருநெல்வேலி, இன்னொருத்திக்குக் கோயம்புத்தூர், டிக்கெட் போட்ட இவளுக்குத் தருமபுரிப் பக்கம் ஒரு கிராமம். அந்த வாரம் முழுக்க இவள் கைப்பேசியில் பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகர வரைபடத்தைக் காட்டிக் காட்டி எங்களையும் கிளப்பிவிட்டாள். சுவர் ஓவியங்கள், கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீடுகள், மலை ரயில் என்று சனி ஞாயிறு இரண்டு நாளையும் மூச்சுவிட இடமில்லாமல் நிரப்பிவைத்திருந்தாள்.

சனிக்கிழமை காலை கோயம்புத்தூர்க்காரி மூன்று சைக்கிள் வாடகைக்குப் பேசினாள். ஓவியங்கள் இருக்கும் தெருக்களெல்லாம் குறுகல், சைக்கிள்தான் சரி என்றாள். நாங்கள் ஏறிவிட்டோம். இவள் மட்டும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னவென்று கேட்டதற்கு மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு ஓட்டத் தெரியாதுடி."

பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள் அவளுக்கும் வந்திருக்கிறது. அவள் அதை வீடுவரை தள்ளிக்கொண்டு போனாள். மறுநாளே அண்ணன் எடுத்துக்கொண்டான். பிறகு கல்லூரி, வேலை, சிங்கப்பூர். முப்பது தாண்டிவிட்டது. அவள் கேட்கவுமில்லை, யாரும் கற்றுக்கொடுக்கவுமில்லை. நடந்தே பார்க்கலாம், சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றாள்.

கடைக்கார அக்கா தமிழ்ப் பெண்தான், எங்கள் வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், ஸ்பானர் எடுத்து வந்து அந்த சைக்கிளின் சீட்டை நன்றாகக் கீழே இறக்கினார். "கடற்கர பக்கத்துல பெரிய பாடாங் இருக்கு. இந்நேரம் காலியாத்தான் இருக்கும் லா. அங்க போய் விழுந்து எந்திரிங்க" என்று கை காட்டினார்.

பாடாங் என்று அவர் சொன்ன அந்தத் திடலில் வெயில் ஏறுவதற்குள் அவள் எத்தனை தரம் விழுந்தாள் என்று நான் எண்ணவில்லை. ஒருத்தி சீட்டைப் பிடிக்க, ஒருத்தி பக்கத்தில் ஓட, மூன்று பேருக்கும் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. முழங்கை சிராய்ந்தபோது அவள் சிரித்தாள். முழங்கால் சிராய்ந்தபோது ஆடு மேய்க்கிறவர்கள் திட்டுகிற மாதிரி சைக்கிளைத் திட்டினாள். கடல் காற்று ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஒரு சமயம் நான் மூச்சு வாங்கக் கையை எடுத்தேன். அவளுக்கு அது தெரியவில்லை. பேசிக்கொண்டே போனாள். பதில் வராததால் திரும்பிப் பார்க்கப் போய், நான் தூரத்தில் நிற்பதைப் பார்த்து அலறினாள். ஆனால் விழவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கோயம்புத்தூர்க்காரி விசில் அடித்தாள். இவள் திடலை ஒரு சுற்று சுற்றினாள், இரண்டாவது சுற்றும் சுற்றினாள். மூன்றாவது சுற்றில் வளைக்கவேண்டிய இடத்தில் வளைக்காமல் நேராகச் சாலையில் இறங்கிவிட்டாள்.

பிரேக்கைப் பிடி என்று இருவரும் கத்தினோம். அவள் பிடிக்கவில்லை. எங்கள் சைக்கிள்களை எடுத்துக்கொண்டு துரத்தினோம். அவளுடைய மஞ்சள் துப்பட்டா மணிக்கூண்டுப் பக்கம் திரும்புவது தெரிந்தது. அதற்குள் ஒரு சுற்றுலாப் பேருந்து குறுக்கே வந்து நின்றது. பேருந்து நகர்ந்தபோது துப்பட்டாவைக் காணோம். ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று எட்டிப் பார்த்தோம்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லிட்டில் இந்தியா வட்டாரத்தில்தான் கிடைத்தாள். ஒரு புடவைக் கடை வாசலில், நடைபாதைப் படியில் ஒரு காலை ஊன்றி, சைக்கிள் மேலேயே உட்கார்ந்திருந்தாள். கையில் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிய தேத்தண்ணீர். கடை ஒலிபெருக்கியில் பாட்டு போய்க்கொண்டிருந்தது. நடுத்தர வயது கடைக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"எறங்கி வாம்மான்னு எவ்ளோ நேரமா கூப்பிடுறேன். மாட்டேங்குது இந்தப் பிள்ள" என்றார்.

"எறங்கத் தெரியலண்ணே, நெசமாத்தான் சொல்றேன்" என்றாள் அவள். எங்களைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாக, "ரெண்டு சிக்னல்டி! ரெண்டும் பச்சையா இருந்துச்சு" என்றாள். பயத்தில் திட்டவேண்டும் என்று வந்த நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். சைக்கிளோடு மூன்று பேரும் சாயப் பார்த்தோம். கடைக்காரர்தான் தாங்கிப் பிடித்தார்.

பிரேக் பிடிக்கவும் இறங்கவும் அந்தப் புடவைக் கடை வாசலிலேயே கற்றுக்கொண்டாள். பிறகு நாள் முழுக்க ஓட்டினோம். ஓவியங்கள் முன்னால் எல்லோரும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஓவியம் வேண்டாம். அவள் ஓட்டி வருவதை மட்டும் வீடியோ எடுக்கச் சொன்னாள். "ஆடாம எடு, அண்ணனுக்கு அனுப்பணும்" என்று திரும்பத் திரும்ப ஓட்டிக் காட்டினாள்.

ஞாயிறு காலை மலை ரயிலுக்குப் போகலாம் என்று நானும் கோயம்புத்தூர்க்காரியும் தயாராகி நின்றோம். அவள் முழங்காலில் புது பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே, மலை எங்கேயும் ஓடிப்போகாது என்றாள். மறுபடியும் அதே கடை, அதே மூன்று சைக்கிள். கடலோரம் முழுக்க அவள் முன்னால் போனாள், நாங்கள் பின்னால்.

மாலை விமானத்துக்குக் காத்திருக்கும்போது உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நெளிந்துகொண்டிருந்தாள். கைப்பேசியில் எதையோ மும்முரமாகத் தேடுகிறாளே என்று எட்டிப் பார்த்தேன். சிங்கப்பூரில் விற்பனைக்கு இருக்கும் பழைய சைக்கிள்கள். பச்சை நிறம் நல்லா இருக்கா, நீலமா என்று என்னைக் கேட்டாள்.