மரத்தரையில்தான் ஆடுவோம்

திருச்சியிலிருந்து ஆம்பூருக்குப் போனேன் என்றால் "பிரியாணி சாப்பிட்டாயா?" என்றுதான் கேட்பீர்கள். இல்லை. காலை ஏழரைக்கே வேலூர் பஸ்ஸில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் என் நாத்தனார் கலா. ஷூ கம்பெனியில், தைத்த ஷூவில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கர் வேலை. அவள் மகள் நித்யா, கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டியில் ஆடுகிறாள். கலா மகளின் ஆட்டத்தைப் பார்க்கப் போவது இதுதான் முதல் தடவை.

"லீவு குடுத்தாங்களா?" என்றேன்.

"கேட்டாதானே குடுப்பாங்க, அண்ணி? வரலேன்னு போன்லயே சொல்லிட்டேன்."

பள்ளிகொண்டா தாண்டி, ஐம்பது கிலோமீட்டரும் முடிந்து வேலூரில் இறங்கும்போது ஒன்பது மணி. வெயில் அதற்குள் தலையில் ஏறிவிட்டது. ஷேர் ஆட்டோக்காரர், "பொம்பளப் புள்ளைங்க மேட்சா? கூட்டம் வராதும்மா" என்றார்.

"நாங்க வந்துட்டோமில்ல?" என்றாள் கலா. அவர் ஆட்டோவைக் கிளப்பினார்.

பதினொரு மணிக்கு ஆட்டம், மரத்தரை போட்ட உள்ளரங்கில். பத்தரைக்கு அமைப்பாளர் வந்தார். சாயங்காலம் ஆண்கள் இறுதிப் போட்டிக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்களாம், மேடை போட வேண்டுமாம். பெண்கள் வெளியே சிமெண்டுத் தரையில் ஆடிக்கொள்ளட்டுமாம்.

நித்யா நடுவட்டத்தில் போய் உட்கார்ந்தாள். "ஃபைனல் வரைக்கும் ஜெயிச்சு வந்தது வெயில்ல காயவா சார்? இங்கதான் ஆடுவோம். இல்லன்னா கப்பை நீங்களே வச்சிக்கோங்க."

அவளுடைய அணி உட்கார்ந்தது. எதிர் அணிப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். சும்மா இருப்பேனா நான்? புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கலாவோடு நானும் உட்கார்ந்தேன்.

"இன்னாம்மா, நீங்களுமா?" என்று அமைப்பாளர் தலையில் கைவைத்தார். மேடை போட வந்த பந்தல்காரர்கள் கம்புகளோடு வாசலிலேயே நின்றார்கள். கடைசியில், "சீக்கிரம் முடிங்க, பேஜார் பண்ணாதீங்க" என்று ஒதுங்கினார்.

அனல் பறந்தது ஆட்டத்தில். முடிகிற நேரத்தில் எங்கள் பக்கம் ஒரு புள்ளி குறைவு. பந்து நித்யா கையில், கூடைக்குக் கீழே, மறிக்க ஆளே இல்லை. கலா துள்ளி எழுந்து, "பாஸ்! பாஸ்!" என்று கத்தினாள். அவள் கம்பெனியில் குறையில்லாத ஷூவுக்குச் சொல்லும் வார்த்தை அது. மகளுக்கு அது வேறாகக் கேட்டது. போட வேண்டிய பந்தைத் தோழிக்கு எறிந்தாள். நடுவில் எதிரணிப் பெண் பிடித்துக்கொண்டாள். ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதிவிட்டார்கள்.

"நல்லாருக்குன்னுதானே சொன்னேன், இவ எதுக்குத் தூக்கிக் குடுத்தா?" என்று கலா அழுதாள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் திருச்சியில் "கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்று யாராவது சொன்னால், கேள்வி கேட்காமல் நகர்கிறவள் நான். இனி நகர மாட்டேன்.

கிளம்பும்போது அமைப்பாளர் வழிமறித்தார். "இதுக்கா இவ்ளோ அடம் புடிச்சீங்க? தோத்துட்டீங்களே!"

நித்யா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தோத்துட்டோம் சார். அடுத்த வருஷம் பொண்ணுங்க ஃபைனலுக்கு இந்தத் தரையப் பெருக்கி வைங்க."