பக்கத்து சீட்டு

எங்கள் தையற்கடையில் அவளை அளவு அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வாசலில் ஆள் நுழையும்போதே தோள் இவ்வளவு, இடுப்பு இவ்வளவு என்று முணுமுணுக்க ஆரம்பித்துவிடுவாள். கல்யாணம் ஆகவில்லை. இருப்பது ஒரே தங்கை. எனக்கும் அவளுக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின் என்பதால் இந்தக் கதை முழுசாக எனக்குத் தெரியும்.

போன விடுமுறைக்கு அக்காவும் தங்கையும் ஒரு பஸ் சுற்றுலாவுக்குப் பதிவு செய்திருந்தார்கள். எங்கேயோ மழைக்காட்டு நடுவில், ஆள் உயரத்துக்கு உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடக்கின்றனவாம். பத்திரிகையில் படம் பார்த்த நாளிலிருந்து அக்காவுக்கு அதே நினைப்பு. கிளம்புகிற அன்று காலையில் தங்கை போன் செய்து, "மாமியாருக்கு உடம்பு முடியல, நீ போயிட்டு வாக்கா" என்று கழன்றுகொண்டாள். யாராவது ஊருக்குக் கிளம்பினால்தான் அந்த மாமியாருக்கு உடம்பு முடியாமல் போகும்!

தனியாகத்தான் போனாள். ஜன்னல் சீட்டில் அவள், பக்கத்து சீட்டில் அவளுடைய பை. மற்றவர்கள் எல்லாம் ஜோடியாக, குடும்பமாக வந்தவர்கள். முதல் நாளே யாருக்கோ சட்டைப் பொத்தான் அறுந்தது, இவள் ஊசி நூலை எடுத்தாள். அவ்வளவுதான், அப்புறம் பஸ் முழுக்க "டெய்லரக்கா, டெய்லரக்கா"தான். கிழிசல் என்றால் கூப்பிடுவார்கள். சாப்பிட உட்காரும்போது ஒருத்தர்கூடக் கூப்பிடவில்லை.

கைடு ஓர் அவசரக்குடுக்கை. தலையெல்லாம் எண்ண மாட்டான். பஸ் கிளம்புமுன், "பக்கத்து சீட்டு ஆள் வந்தாச்சான்னு பாத்துக்கோங்க" என்று கத்துவான். "வந்தாச்சு" என்று நாலு குரல் வந்தால் போதும், வண்டியை எடுக்கச் சொல்லிவிடுவான்.

கற்கள் இருந்த இடத்தில் ஒரே புழுக்கம். ஈர இலை வாசனை, பூச்சிச் சத்தம். "யாரு செஞ்சாங்க, எதுக்குச் செஞ்சாங்க, யாருக்கும் தெரியாது" என்றான் கைடு. எல்லோரும் கல்லில் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அக்காவுக்குக் கை பரபரத்தது. இருப்பதிலேயே பெரிய கல்லின் சுற்றளவை எடுத்துவிட வேண்டும்! டேப் எட்டாது, நூலைச் சுற்றி அப்புறம் அளந்துகொள்ளலாம்; ஆனால் நூலின் நுனியை யாராவது பிடித்தால்தானே சுற்றிவர முடியும்? ஓர் அம்மாவிடம் கேட்டாள். "இருங்க, ஒரு போட்டோ எடுத்துட்டு வர்றேன்" என்று போன அம்மா வரவே இல்லை. கொண்டை ஊசியைப் பாசியில் குத்தி நுனியை மாட்டிப் பார்த்தாள். பாதி சுற்றுமுன் கழன்று விழுந்தது. மறுபடியும் மாட்டினாள், மறுபடியும் விழுந்தது. கல்லுக்குப் பின்னால் அவள் குனிந்திருந்தபோது பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது.

"கத்தியிருக்கலாமேக்கா!" என்றேன்.

"வாயத் திறந்தேன். அப்புறம், எப்பத்தான் என் ஞாபகம் வருதுன்னு பாப்போமேன்னு தோணுச்சு. மூடிக்கிட்டேன்."

மழை வந்தது, விட்டது. கல்லோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். உன்னைக் கொண்டுவந்து போட்டவர்கள் எங்கே போனார்கள் என்று அதனிடம் கேட்டாளாம்.

"அழுதியா?"

"பின்ன, நானும் கல்லா?"

நிழல் நீண்ட பிறகு பஸ் திரும்பி வந்தது. கைடு இறங்கி ஓடிவந்தான். அக்காவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "நான் இல்லன்னு யாரு பாத்தாங்க?" என்று கேட்டாள்.

"பின் சீட்டு அம்மாவோட பை ஜிப் பிச்சுக்கிச்சு. டெய்லரக்கா எங்கன்னு தேடினாங்க. அப்பதான் தெரிஞ்சுது."

பஸ்ஸில் ஏறியதும், "நல்லவேளை வந்தீங்க" என்று அந்த அம்மா பையை நீட்டினாள். நனைந்த புடவையோடு அக்கா அதை உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாள். கேட்டபோது நான் கத்தரிக்கோலைப் பொத்தென்று வைத்தேன்.

"தூக்கி ஜன்னல் வழியா எறிஞ்சிருக்க வேணாமா?"

"பாவம், துணியெல்லாம் வெளிய வந்துடுச்சு" என்றாள். இவளை என்ன செய்வது?

அடுத்த நிறுத்தத்தில் கைடு வழக்கம்போலக் கத்தினான். "வந்தாச்சு" என்று குரல்கள் வந்தன. டிரைவர் சாவியைத் திருகப் போனார். அக்கா எழுந்து நின்றாள்.

"என் பக்கத்துல யாரும் இல்ல. நான் வந்துட்டேன்."

ஊர் திரும்பும்வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து நின்று அதையேதான் சொன்னாளாம்.

இப்போது காலையில் கடைக்குள் நுழையும்போதும், "நான் வந்துட்டேன்" என்கிறாள். "எங்களுக்கும் கண்ணு இருக்கும்மா" என்று முதலாளி கிண்டல் செய்கிறார். நான் சிரிப்பதில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, "வாக்கா" என்கிறேன்.